கேட்டில் கூப்பிட்ட பெயர்

கொடி ஏற்றுவதற்கு முன்னால் பெயர் கூப்பிடுவார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே, சங்கத்தின் பழைய வழக்கம் அது. போராட்டத்தில் செத்தவரின் பெயரைத் தலைவர் கூப்பிட, அவர் இன்னும் இருக்கிறார் என்பதாக, அவர் வீட்டு ஆள் "கீறாரு" என்று குரல் கொடுக்க வேண்டும். கூட்டம் அதையே திருப்பி முழங்கும். பிறகுதான் கயிற்றில் கை வைப்பார்கள்.

வருஷா வருஷம் குரல் கொடுப்பவள் பட்டம்மாள்.

காண்டிராக்ட் ஆட்களை ஏற்றி வந்த லாரியை மறித்து இதே கேட்டில் படுத்தவர் அவள் புருஷன் கிருஷ்ணப்பன். லாரி நிற்கவில்லை.

காண்டிராக்டருக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது அவர் எழுதி வைத்த முதல் விதி. போன மாதம் கை தூக்கி அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது தலைவர், காண்டிராக்டர் டில்லிபாபு.

அவருடைய ஆட்கள் வேனில் வந்து இறங்கி, ஒரே நிற பனியனில் வெயிலில் நின்றார்கள். முறை தெரியாத புதுசுகள். அந்தம்மா சொல்வதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று மேஸ்திரி சொல்லிவைத்திருந்தார்.

காலையில் பட்டம்மாள் வைத்த இட்லியைத் தின்றபடியே டில்லிபாபு எடுத்துச் சொல்லியிருந்தார். காலம் மாறிவிட்டதாம். அவள் குரல் கொடுத்துவிட்டால் பழைய ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்களாம். அவள் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

இப்போது அவள் பக்கத்தில் நின்ற ஸ்டானிஸ்லாஸ், கிருஷ்ணப்பனோடு கேட்டில் படுத்தவர், மெல்லக் குனிந்தார்.

"இன்னாக்கா, லாரிய மறிச்சவரு பேர லாரிக்காரனே கூப்புடப் போறானா?"

அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

மைக் கரகரத்தது. "தோழர் கிருஷ்ணப்பன்."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மணலிக்குப் போகும் டேங்கர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது.

மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் கெஞ்சியது.

"இங்க இல்லப்பா," என்றாள் பட்டம்மாள்.

பனியன்காரர்கள் கேட்டே அதிரும்படி அதைத் திருப்பி முழங்கினார்கள். இங்க இல்லப்பா. இங்க இல்லப்பா.

கொடி ஏறவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே டில்லிபாபு அவளைப் பார்த்தான்.

லாரி வந்த அன்று அவன் அவள் வயிற்றில் இருந்தான்.