தானாக நகர்ந்த அம்புக்குறி

“மவுசுல இருந்து கையை எடுங்க அண்ணாச்சி. இனி நான் பாத்துக்கிடுதேன்.”

போனில் வந்த பெண்குரலுக்குப் பயந்து வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான் சுடலைராஜ்.

விடிந்தால் புதூரில் அவனுடைய ‘சுடலை பிரவுசிங் சென்டர்’ திறப்பு விழா. நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் வந்து ரிப்பன் வெட்டப்போகிறார். இந்தக் கம்ப்யூட்டர் சனியனோ மத்தியானத்திலிருந்து பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு மசிய மாட்டேன் என்கிறது. நாளைக்கும் இப்படியே நின்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. நல்லவேளை, உதவிக்கு அழைக்கச் சொல்லித் திரையின் அடியில் ஒரு நம்பர் இருந்தது.

“எங்கன இருந்து பேசுதீங்க?”

“கோவில்பட்டி. எம் பேரு ஜெயப்பிரியா. நெட் வயரைச் சொருகிட்டீங்கல்லா? நான் இங்கன இருந்தே உங்க மிஷினுக்குள்ள வந்திருவேன். அதுக்குன்னே சாப்ட்வேர் இருக்கு.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பாஸ்வேர்டுக் கட்டத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து திரை திறந்துகொண்டது. அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு கறுப்புக் கட்டம் வந்து, அதில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின.

“யாத்தீ, இதுக்குள்ள பேய் புகுந்திருக்கு” என்று பின்வாங்கினாள் அவன் மனைவி பொன்மணி.

“சும்மா கெடட்டி. கோவில்பட்டிப் பிள்ளை வேலை பாக்குது.”

“பழைய மிஷினா அண்ணாச்சி?” என்றாள் ஜெயப்பிரியா.

“ஆமாம்மா. மதுரையில செகண்ட்ஹேண்டா வாங்குனது. உள்ள கெடக்க குப்பையெல்லாம் அழிச்சு விட்ருங்க.”

“அழிக்கதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துக்கிடுதேன். நேரமாகும். ஆப் பண்ணிராதீங்க.”

கரண்டு போய்விடக் கூடாதே என்று பொன்மணியைக் கிரைண்டர்கூட ஓட்டவிடாமல் ஒரு மணி நேரம் காவல் இருந்தான் சுடலைராஜ்.

“முடிஞ்சுது அண்ணாச்சி. இனி பாஸ்வேர்டு கேக்காது.”

அணைத்துப் போட்டுப் பார்த்தான். சொன்னபடி திறந்தது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க தாயி. நாளைக்கு ஒம்போது மணிக்குத் திறப்பு விழா. காளியம்மன் கோவில் தெரு, மூணாவது கடை. கட்டாயம் வரணும்.”

“கண்டிப்பா வாரேன். எங்க முதலாளியையும் கூட்டிட்டு வாரேன்.”

மறுநாள் தலைவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரம், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கிய பெண், “நாந்தான் ஜெயப்பிரியா” என்றாள்.

சுடலைராஜ் பூரித்துப்போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு ஓடினான். “எல்லாரும் பாத்துக்கிடுங்க. கோவில்பட்டியில இருந்துக்கிட்டே நம்ம மிஷினைத் திறந்த பிள்ளை இவியதான்.”

“நான் போட்ட பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?” என்று சிரித்தாள் ஜெயப்பிரியா. “இவிய எங்க தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ராமசுப்பு. இருவது நாளைக்கு முன்னாடி நீங்க பூட்டை உடைச்சுத் தூக்கிட்டு வந்தது இவிய மிஷினைத்தான். அந்தா, கடைசியா இறங்குதாவல்லா, அவிய இன்ஸ்பெக்டர்.”