வக்கீலுக்கு உள்ளே ஆள் இருக்கு

கண்ணாடிக்காரருக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. உலகத்துக்கே நூறுதான் என்று விளம்பரம் செய்த அந்தக் கைக்கடிகாரம் எப்படியிருக்கும் என்று தெரியாமல் உயிரே போய்விடும் போலிருந்தது.

காபிக் கடையில் கடிகாரப் பித்தர்கள் கூடும் மூலை மேசைக்கு அன்றும் வந்துவிட்டார்.

“டயல் என்ன கலர் சார்?” என்று கெஞ்சினார்.

“பச்சை,” என்றார் பல் டாக்டர்.

“யோவ், பச்சையை எவன் கட்டுவான்? கருநீலம். நடுவுல பிறை நிலா,” என்றார் வக்கீல்.

“நிலாவா! நிச்சயமா சார்?”

“கம்பெனிக்குள்ளயே எனக்கு ஆள் இருக்கான்யா.”

“முள்ளு?”

“தங்கம். வார், முதலைத் தோல்.”

“ஏன்யா பறக்கற?” என்று டாக்டர் சிரித்தார். “கடைக்கு வந்ததும் பார்த்துக்கயேன்.”

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே சார்!”

காபியை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர், நாலு மாடி ஏறித் தன் அலுவலகத்தில் போய் நின்றார். வாசலை மறித்துக்கொண்டு நின்றார் கடிகாரக் கம்பெனி முதலாளி.

“நாளைக்குப் பட்டறைக்குப் படம் போகணும். இன்னிக்கும் வெள்ளைத் தாளைக் காட்டின, நேரா வீட்டுக்குப் போயிடு. டிசைனராம் டிசைனர்!”

“தயார் முதலாளி! கருநீலம், நடுவுல பிறை நிலா...”

கடிகாரம் வெளிவந்த அன்று வக்கீலைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“பார்த்தியா? உள்ளே ஆள் இருக்குன்னு சொன்னேன்ல!”

“இருக்கார் சார்,” என்ற கண்ணாடிக்காரர், நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். “அடுத்த மாடலைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”