வஜ்ராவின் பல்வலி

பல்வலியை அவன் எழுதவே இல்லை.

தட்சிணாமூர்த்தி எழுதிய வஜ்ராவுக்கு முத்துப் பற்கள். டெல்லியில் பேய் பிசாசுகளைத் தேடித் தேடி ஒழிக்கிற அவளுக்கு ஒரு வெள்ளிக் கத்தி கொடுத்திருந்தான். மே மாத வெயிலிலும் கழற்றாத தோல் கோட்டு கொடுத்திருந்தான். பயத்தை மட்டும் கொடுக்கவில்லை. கல்லூரியில் எந்தப் பெண்ணும் அவனைக் கண்டு பயந்ததில்லை; பெண்களுக்குப் பயமே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தான்.

அப்படியிருக்க, கிட்வாய் நகரில் அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வடிவு, போன வாரம் அவன் அம்மாவிடம், “அந்த வச்சிராப் பொண்ணு பல்வலியோட போயி பிசாசை அடிச்சுதேம்மா, பாவம்” என்று சொல்லியிருக்கிறாள்.

எந்தப் பல்?

தொடரை ஒருத்தரும் படிப்பதில்லை, முடித்துவிடு என்று காலனி மாதப் பத்திரிகையின் ஆசிரியர் ராஜசேகரன் சொல்லிவிட்டார். இந்த இதழில் வஜ்ராவைக் கொன்றாயிற்று. அவளுக்கு இருந்த ஒரே ரசிகர் கூட்டம், வடிவு குடியிருக்கிற மதராசி கேம்ப் தமிழ்க் குடிசைகளில், அவள் அவன் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு போகிற பிரதியைச் சுற்றி உட்காருகிற கூட்டம். அதுவாவது தன்னுடையதுதானா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை மதியம், கேம்ப்பின் சாக்கடை ஓரத்துக் குளிர்கால வெயிலில், ஒரு கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

“கதை எழுதுறது இந்தத் தம்பிதான்” என்றாள் வடிவு.

வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பொன்னம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இதுவா?”

அதற்குமேல் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. படிக்கிறவள் வந்துவிட்டாள்.

படிக்கிறவள் தெரசா. நர்சரிப் பள்ளி ஒன்றில் ஆயா. டெல்லியிலேயே பிறந்தவள். டெல்லியில் பிறந்த பிள்ளைகள் தமிழ் படிக்கிற அழகு அவனுக்குத் தெரியும். அவன் தங்கைக்கு இன்னும் அப்பாவின் பெயரே எழுத வராது. சந்தேகம் அங்கேயே தீர்ந்துபோயிற்று; இவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

தெரசா பத்திரிகையை விரித்து, விரலை வைத்துப் படித்தாள்.

“வஜ்ரா கோட்டைச் சுவர் மேல ஏறினா. கை நடுங்குச்சு. யாராவது பாக்குறாங்களான்னு திரும்பிப் பாத்தா. யாரும் இல்லை. அச்சா, அப்ப கொஞ்சம் நடுங்கிக்கலாம்னு நின்னு நடுங்குனா.”

“அப்படித்தான்டி” என்றாள் பொன்னம்மாள். “விடிகாலையில வேலைக்குப் போறேன்ல, பாலம் தாண்டுற வரைக்கும் எனக்கு உள்ளுக்குள்ள உதறும். தாண்டினப்புறம்தான் வாயே வரும்.”

“உனக்கு வாய் வராத நேரம் எது?” என்றாள் வடிவு.

வஜ்ராவின் செருப்பு வார் அறுந்தது. பிசாசைக் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். பிசாசும் நின்றது. அறுந்த செருப்பாலேயே அதை ஒன்று வைத்தாள்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. வெள்ளிக் கத்தி எங்கே போயிற்று என்று யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கடலை எடுக்கிற சாக்கில் எழுந்து தெரசாவின் பின்னால் போய் நின்றான். அப்பள விளம்பரமோ, ராசிபலனோ, எதையோ பிடித்து வைத்துக்கொண்டு அளக்கிறாள் என்று எதிர்பார்த்தான்.

கடைசி அத்தியாயம்தான் விரிந்திருந்தது. அவனுடைய வரிதான். ‘செங்குருதி வடிய, நிலவை நோக்கியபடியே வஜ்ரா உயிர் நீத்தாள்.’

விரல் அந்த வரியின் அடியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

“கீழ விழுந்த வஜ்ரா எழுந்தா” என்று வாசித்தாள் தெரசா. “பாவாடையைத் தட்டிக்கிட்டா. ஐயையோ, நேத்தே லீவு போட்டாச்சு, இன்னிக்கும் போட்டா மேம்சாப் கத்துவாளேன்னு பஸ்ஸைப் பிடிக்க ஓடினா. அவ்வளவுதான். மிச்சம் அடுத்த மாசம்.”

விரல் தற்செயலாக அங்கே நின்றிருக்க வேண்டும் என்று அவன் தீர்மானித்தான். எழுத்துத் தெரியாதவள், பாவம், படம் பார்த்துச் சமாளிக்கிறாள்.

வடிவு திரும்பினாள். “ஏன் தம்பி, நீ எழுதுனதை இந்தப் பொண்ணு சரியாப் படிக்குதா? நடுவுல இவ கைச்சரக்கைச் சேக்குறாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.”

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்ணும் அவன் மேல். தெரசாவின் முகம் வெளுத்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த இடத்தில் அவளுக்கு இனி கட்டிலும் இல்லை, கூட்டமும் இல்லை. வஜ்ராவும் செத்துப்போவாள்.

“எழுத்துக்கு எழுத்து சரி” என்றான் தட்சிணாமூர்த்தி. தன் பெருந்தன்மையை அவனே கொஞ்சம் மெச்சிக்கொண்டான்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கூட்டம் குடங்களோடு ஓடியது.

தெரசா பத்திரிகையை மடித்தாள். அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நன்றி என்று ஏதும் தென்படவில்லை.

“சுனோ பையா, கேளுங்கண்ணே. மாதா கோயில்ல தமிழ்ப் பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கிறது நான்தான். அங்க ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த மாசமும் புக்கு குடுத்து அனுப்புங்க. உள்ள எது இருந்தாலும் பரவாயில்லை.”