மெத்தைக்கு ஒரு ஓட்டு

“கைதிக்கு மெத்தை கேட்பவன் தேசத்தின் முதுகெலும்பையே முறிப்பவன்!” என்று சட்டசபை வாசலில் நிருபர்களிடம் முழங்கினார் ஆளுங்கட்சி உறுப்பினர். இருபுறமும் இரண்டு காவலர்கள் விறைப்பாக நின்றார்கள்.

எழுந்தாலே சிறைகளைப் பற்றித்தான் கேள்வி கேட்பார் எதிர்க்கட்சி அம்மணி. இன்றைய மெத்தைத் தீர்மானமும் அவருடையதுதான். சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“பாவம்ணே, வெறும் சிமென்ட் தரையில படுக்கிறாங்க.”

“படுக்கட்டும்மா! மாமியார் வீட்டுக்கு விருந்துக்கா போயிருக்காங்க?”

“ஒரே ஒரு ஓட்டுதான்ணே குறையுது.”

“என் பிணம்கூட உனக்குக் கை தூக்காது, போ!”

நிருபர்கள் அதை எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள். உள்ளே மணி அடித்தது. மூத்த காவலர் உறுப்பினரின் காதருகே குனிந்தார்.

“ஓட்டுப் போட்டதும் வந்துடுங்கய்யா. கோர்ட்டு அனுமதி அதுக்கு மட்டும்தான். இருட்டுறதுக்குள்ள உங்களைத் திரும்ப ஜெயில்ல ஒப்படைக்கணும்.”

“தெரியும்யா, கத்தாதே” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

“தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்” என்றார் சபாநாயகர்.

எதிர்க்கட்சி வரிசையில் கைகள் மளமளவென்று உயர்ந்தன. ஆளுங்கட்சி வரிசையில் ஒரே ஒரு கை, தலையைச் சொறியப் போவதுபோல் மெல்லக் கிளம்பி, தலையைத் தாண்டி மேலே போய், அங்கேயே நின்றது.