நெட்டை லென்ஸ் தேடிய மீன்கொத்தி

ஏரிக்கரையில், முக்காலி மேல் நெட்டை லென்ஸ் விடிந்ததிலிருந்து தவம் கிடந்தது.

"அக்கரையில மீன்கொத்தி கண்ணைச் சிமிட்டினாலும் எனக்குத் தெரியும். நீ எதுக்குடா கூட வந்தே?" என்றது, புகைப்படக்காரர் கழுத்தில் தொங்கிய இன்னொரு கேமராவின் குட்டி லென்ஸைப் பார்த்து.

குட்டிக்கு முகம் சுருங்கிப்போனது.

அப்போது அக்கரை மீன்கொத்தி, அலகில் மீனோடு விர்ரென்று பறந்து வந்து நெட்டையின் முதுகிலேயே உட்கார்ந்தது.

"எங்கடா போச்சு? காணோமே!" என்று நெட்டை அக்கரையெல்லாம் துழாவியது.

புகைப்படக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குட்டியைத் தூக்கினார். க்ளிக்! மீனின் செதில்கூடத் தெளிவாக விழுந்தது.

குட்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பிரமாதமான படம், அண்ணே! அதுல நீங்களும் இருக்கீங்க. அது உட்கார்ந்திருக்கிற கிளையே நீங்கதான்!"