எதிர் மரை

ட்ரோன் எழும்பியது. மேலாளரின் மார்பு நிமிர்ந்தது. அடுத்த நொடி ஒரு விசிறி கழன்று மொட்டைமாடிச் சுவரைத் தாண்டிப் பறந்தது.

மிச்ச விசிறிகளோடு ட்ரோன் குப்புற விழுந்து, அடிபட்ட கரப்பான்பூச்சி மாதிரி துடித்தது.

"நட்டா செஞ்சிருக்கானுங்க, நட்டு? திருட்டுப் பசங்க!"

மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார்; அவருடைய தொண்டை இன்னும் பணியில் இருக்கிறது. தொழிற்சாலையில் காலமெல்லாம் அடுத்தவர்கள் நட்டு முடுக்குவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தவர். அந்த அனுபவத்தில்தான், பெட்டியில் வந்த நான்கு மோட்டார்களில் இரண்டின் மரை தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடித்தார். வலப்பக்கம் திருகினால் நட்டு கழன்றுவந்தது! 'தயாரிப்புக் கோளாறு' என்று தீர்ப்புச் சொல்லி இரண்டையும் மூலையில் வீசினார். ஒழுங்கான மரை உள்ளதாக இரண்டு வாங்கி மாட்டினார்.

அன்றிலிருந்து அந்த இரண்டில் ஏதாவது ஒன்று விசிறியை உதறிவிடுகிறது.

எதற்கு ட்ரோன் என்று கேட்டால், தண்ணீர்த் தொட்டியை மேலிருந்து பார்க்க என்பார். தொட்டி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு ஏணியும் இருந்தது. ட்ரோன் கிளம்புவதென்னவோ எப்போதும் எதிர்வீட்டுப் பக்கம்தான்.

எதிர்வீட்டில் மகள். அப்பாவைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு, உலகத்தில் வேறு வாடகை வீடே இல்லாதது போல அங்கேயே குடிவந்தவள். இந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்பது மேலாளரின் ஆணை. பேத்தி பிறந்த சேதி வந்தபோதும் ஆணை வாபஸாகவில்லை.

அரைமணி கழித்து மனைவி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் விசிறி.

"தெருவுல கெடந்துச்சுங்க."

எப்போதும் தெருவில்தான் கிடக்கிறது. வெடுக்கென்று பிடுங்கினார். பிசுபிசுவென்று ஈரம். வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

ஓரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பள்ளங்கள். ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு.

பல்.

மேலாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. சுவரோரம் பாய்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக எதிர்வீட்டைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஏய்! பச்சக் கொழந்த வாயில இதையா குடுப்பாங்க? அறிவிருக்கா ஒனக்கு?"

பால்கனிக்கு மகள் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. அவளுக்கும் அதே தொண்டைதான்.

"மொதல்ல அது இங்க வந்து விழாம பாத்துக்குங்க! அந்த ரெண்டு மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுத்தும்ப்பா, எதிர் மரைதான் போடணும். கோளாறுன்னு தூக்கி எறிஞ்சீங்களாமே, அதான் சரியானது. அம்மா சொன்னாங்க!"

அம்மா அவசரமாகத் தண்ணீர்த் தொட்டியை ஆராயத் தொடங்கினாள்.

"எனக்கே பாடம் எடுக்குறா பாரு!"

உறுமிக்கொண்டே மூலையில் கிடந்த மோட்டார்களைப் பொறுக்கி வந்து மாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை இடப்பக்கம் திருகினார். இறுகியது. வேகத்தை முழுசாக வைத்தும் ஒரு விசிறிகூடக் கழலவில்லை.

மேலாளருக்குக் கோபம் இன்னும் கூடியது. இனி எதுவும் அந்தப் பக்கம் போய் விழாது.

ட்ரோனை நிறுத்தினார். மனைவி கொடியில் துணி எடுக்கத் திரும்பியதும் குனிந்து, இத்தனை நாளும் ஒழுங்காக ஓடிய வேறொரு மோட்டாரின் ஒயரைப் பிடித்து உருவினார்.

"இந்தா, இப்ப இது ஓடல!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். "பெரிய இவ மாதிரி பேசினாள்ல, அவளையே வந்து பாக்கச் சொல்லு. இடுப்புல இருக்கிறதையும் தூக்கிக்கிட்டு!"