வோச்சா, போனா?

றிம்சானின் பயணப் பையை அவன் மனைவி றுஸ்தா அடுக்கிக்கொண்டிருந்தாள். சிப் மூட மறுத்தது. முழங்காலை வைத்து அமுக்கி இழுத்தாள்.

"என்ன புள்ள, நாவிதன்வெளிக்குப் போய் நெல்லுப் பாத்திட்டு நாளைக்கி வாறதுக்கு இவ்வளவு சாமானா?" தேநீரை உறிஞ்சியபடி சிரித்தான் றிம்சான்.

"அது கிடக்கட்டும். வோச்சையும் போனையும் கொண்டாங்க. போன கிழமை அங்க போனப்ப நடந்தீங்களா எண்டு பாக்கணும்."

நீரிழிவுக்கு, அந்தச் சீனி வருத்தத்துக்கு, டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அதற்காகவே தன் மோதிரத்தை விற்று, மணிக்கட்டில் கட்டினால் காலடி எண்ணும் அந்த வோச்சை வாங்கிக் கொடுத்தவள் றுஸ்தா. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவளுக்கிருந்த ஒரே கவலை இந்த மனுசனின் உடம்புதான்.

இரண்டு நாளாக அவள் முகம் சரியில்லை. முந்தாநாள் தங்கை அப்றா கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவளுடைய கைக்குழந்தையை றுஸ்தாதான் ஏணைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாள். சார்ஜில் கிடந்த வோச்சை ஆசைக்கு எடுத்துக் கட்டியிருந்தாள். பிள்ளை தூங்கிவிட்டது, இவளுக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

இரண்டையும் வாங்கிப் போன கிழமைக் கணக்கைப் பார்த்தாள். "வோச்சில அடி ஆயிரக்கணக்கில காட்டுது, போனில நூறும் இல்ல. ரெண்டில ஒண்டு பொய். பொய் சொல்றது இந்த வீட்ட விட்டுப் போகணும். சரிதானே?"

"ஓம், சரிதான். போன்தான் பொய். தூக்கி எறி."

"போனை எங்கயும் வெச்சிட்டு நடந்தீங்களா?"

"வல்லாஹி இல்ல. பொக்கட்டுக்குள்ளயேதான் கிடந்திச்சி. வரம்பு வரம்பா நடந்தன் புள்ள, இன்னும் கால் கடுக்குது."

அல்லாஹ்வின் பெயரில் சத்தியம் வந்து விழுந்ததும் றுஸ்தா சிரித்தாள். அந்த ஒரு சத்தியத்துக்காகத்தான் அவ்வளவு வஞ்சத்தையும் நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்ப ரெண்டையும் கொண்டு வீட்டு வளவ ஒரு சுத்துச் சுத்தி வாங்க."

வோச்சைக் கட்டி, போனைப் பொக்கட்டுக்குள் போட்டுக்கொண்டு வீராப்பாக நடந்து வந்தான். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே கணக்குத்தான் ஏறியிருந்தது.

"பாத்தீங்களா, நடந்தா ரெண்டும் எண்ணுது." வாசலை மறித்து நின்றாள் றுஸ்தா. "இருந்த இடத்தில இருந்து கைய மட்டும் ஆட்டினா, வோச் மட்டும்தான் எண்ணுது. நான் கட்டிப் பாத்தன்."

அவன் கை தானாகவே வோச்சைப் பொத்தியது.

பையைக் காலால் தள்ளி வெளியே விட்டாள். "உங்கட உடுப்பு முழுக்க இதுக்குள்ள இரிக்கி. இது என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. பொய் வெளியிலயே நிக்கட்டும்."

"என்ன கதைக்கிறாய் றுஸ்தா? எனக்கொண்டும் விளங்கல்ல."

"நாவிதன்வெளியில நீங்க ஆட்டுற ஏணையில கிடக்கிறது மகனா, மகளா?"